ஷட்டர் நின்ற கலியாணம்

1. மூன்று தடவை அழுத்தினேன்

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஒரு கலியாண மண்டபம். பெண்கள் பக்கத்தில் கமராவோடு நின்றது நான் ஒருத்திதான். முஸ்லிம் கலியாணங்களில் பெண்களைப் படமெடுக்கப் பெண்ணே வேண்டும் என்பார்கள். அதனால் பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வந்த எனக்குப் பதினெட்டு வருடமாக வேலைக்குக் குறைவில்லை.

மணமகள் பெயர் ஃபர்ஹானா. அவளுடைய உம்மாவுக்குப் புற்றுநோய். அன்று ஆஸ்பத்திரியில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்து, மேடைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் சாய்ந்திருந்தார். மகள் உள்ளே வந்ததும் யாரும் பிடிக்காமல் தானாகவே எழுந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

அழுத்தினேன். சத்தம் வரவில்லை. கண் வைத்திருந்த வியூஃபைண்டர் இருண்டுவிட்டது. பின்திரையில் எரர் என்று வந்தது. பேட்டரியைக் கழற்றிப் போட்டு மறுபடி அழுத்தினேன். மூன்றாம் தடவையும் அதேதான்.

உம்மா மகளின் தோளுக்கு மேலாக என்னையே பார்த்தார். படத்துக்காகத்தான் அப்படியே நின்றார்.

"எடுத்துட்டீங்களா, மகள்?" என்று என்னைக் கேட்டார்.

நான் தலையாட்டினேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

என் பையில் போன் இருந்தது. அது எனக்கு நினைவு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மிச்சக் கலியாணத்தைப் போனில்தான் எடுத்தேன்.

2. தள்ளிப்போட்ட காரணம்

அதற்கு மூன்று மாதம் முன்பு, கண்டி டவுனில் கமரா திருத்தும் செல்வாவிடம், லென்ஸைக் கழற்றிவிட்டு, கமரா பாடியைச் சுத்தம் பண்ணக் கொடுத்திருந்தேன். ஷட்டர் இதுவரை எத்தனை தடவை திறந்து மூடியது என்று காட்டும் ஷட்டர் கவுன்ட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அக்கா, இதோட ஆயுசு எப்பவோ முடிஞ்சிருச்சு. இன்னும் ஓடும். ஆனா எப்ப நிக்கும்னு சொல்ல முடியாதுங்க."

அன்று வீட்டில் உட்கார்ந்து புதுப் பாடியின் மாதிரிப் படங்களையும் என் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். வித்தியாசம் கொஞ்சம்தான். என் ஆல்பத்தில் யாரும் குறை சொன்னதுமில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். இது நின்றால் மாற்றிக்கொள்ள ஸ்பெயார் பாடி ஒன்றுகூட என்னிடம் இல்லை.

3. ஃபர்ஹானா வந்தாள்

கலியாணம் முடிந்து இரண்டு மாதத்தில் உம்மா மௌத்தாகி அடக்கமும் முடிந்துவிட்டது. சில வாரம் கழித்து ஃபர்ஹானா ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"அக்கா, உம்மா எழும்பி என்னைக் கட்டிப்பிடிச்ச போட்டோ ஆல்பத்துல இல்லியே. கம்ப்யூட்டர்ல இருக்கான்னு பாருங்களேன்."

இல்லை என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் தேடுவதுபோல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அவள் பக்கத்தில் நின்று திரையையே பார்த்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அந்தப் படம் விழல, தங்கச்சி. கமரா நின்னுருச்சு. உங்க உம்மா கேட்டப்ப எடுத்துட்டேன்னு தலையாட்டினேன். அது பொய்."

அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்:

"கமரா நின்டா நீங்க என்ன செய்ற? ஒரு சொல்லு சொல்லியிருந்தா உம்மா திரும்ப எழும்பியிருப்பாங்க."

போனில் எடுத்த படம் ஒன்று இருந்தது. உம்மா கண்களை மூடிக் கதிரையில் இருக்கிறார். மகள் குனிந்து அவர் கையைப் பிடித்திருக்கிறாள். அதைப் பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள்.

4. பாடி மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு

கமரா நின்ற அந்த மாதமே புதுப் பாடி வாங்கினேன், ஸ்பெயாராக, நன்றாக ஓடும் பாவித்த பாடி ஒன்றும் சேர்த்து. இளையவர்கள் என்னிடம் மெகாபிக்சல் பற்றிக் கேட்கிறார்கள். படம் எவ்வளவு தெளிவாக விழும் என்று பார்த்துத்தான் நானும் தள்ளிப்போட்டேன். அடுத்த படம் விழுமா என்று கேளுங்கள். நிச்சயமில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

புதியதும் ஒருநாள் நிற்கும். அப்போது முன்னால் நிற்பவரிடம் உடனே சொல்லுங்கள்: "படம் விழல. இன்னொரு தடவை நில்லுங்க." இதைச் சொல்ல எனக்கு அன்று வெட்கமாக இருந்தது.