பதினைந்து முருகனும் ஒரு ஷிப்டும்

போனை விற்றுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் யாரும் போன் கடையில் வேலை பார்த்ததில்லை. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற பகுதியில், கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். எந்தக் கவுண்டருக்குப் பின்னாலாவது நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

பக்கத்துப் போன்

புதுப் போன் வாங்கிய ஒருவர், பழையதையும் புதியதையும் கவுண்டரில் அருகருகே வைத்து 'ஹலோ' என்று எஸ்.எம்.எஸ். அனுப்பினார். வந்து சேர ஒரு நிமிடம் ஆனது. அவர் முகம் சுருங்கிவிட்டது. மெசேஜ் நேராகத் தாவாது, டவர் வழியாகக் கம்பெனியின் நிலையத்துக்குப் போகும், அது வாங்கி வைத்து, மற்றப் போன் தயாராக இருந்தால்தான் அனுப்பும் என்று பொறுமையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரு சாண் தூரத்துக்கு இவ்வளவு சுத்தோ? கையாலை எடுத்துக் குடுத்திருக்கலாம்."

சிமிட்டும் உறை

புஷ்பம் அக்கா முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர். ஆள் அனுப்பும் ஏஜென்சி ஷிப்டை எஸ்.எம்.எஸ்ஸில்தான் அனுப்பும், பதில் போட்டால் வேலை. இரண்டு முறை அவருக்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாவது முறையும் பதில் இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். போன் பழுது என்று அக்கா வந்து நின்றார்.

போனில் பழுதில்லை. திரையின் ஓரத்தில் கடித உறை ஒன்று சிமிட்டியது. இன்பாக்ஸ் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காலத்துச் சிம்மில் பதினைந்து மெசேஜ்தான் அடங்கும்; திறந்தால் பதினைந்தும் முருகன்! கோயில் சிநேகிதிகள் புள்ளியும் கோடுமாக வரைந்து அனுப்பிய வேலும் மயிலும். இடமில்லாத போனில் மெசேஜ் ஏறாது, நிலையத்தில் காத்துக் கிடக்கும், கெடு தாண்டினால் போய்விடும், அதனால் இவற்றை அழித்துவிடலாம் என்றேன். அக்கா போனைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "முருகனை அழிக்கச் சொல்லுறீரோ தம்பி? என்ர கையாலை ஏலாது!"

குடிமாற்றம்

நானும் விடுவதாக இல்லை. படிக்கிற காலத்தில் ஷிப்டை நம்பியே சாப்பிட்டவன் நான்; அந்தப் பயம் எனக்குத் தெரியும். "எல்லாத்தையும் என் போனுக்கு அனுப்பிடுங்க அக்கா, நான் பத்திரமா வெச்சுக்கறேன்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, ஒவ்வொன்றாக அனுப்பினோம். கடைசி வேலும் என்னிடம் வந்து சேர்ந்ததும், அக்கா கும்பிட்டுவிட்டுத் தன் போனை நீட்டினார்: "இனி இது வெறும் வீடுதானே, நீரே அழிச்சுவிடும்."

மூன்றாவது மெசேஜ்

அழித்த கையோடு போன் கத்தியது. காலையிலிருந்து நிலையத்தில் காத்துக் கிடந்த ஏஜென்சி மெசேஜ்! 'யெஸ்' என்று அடித்து அனுப்பிவிட்டு, ஷிப்ட் கிடைத்தால் எனக்கும் மெசேஜ் போடுவதாகச் சொல்லிப் போனார் அக்கா.

இரண்டு நாள் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பதில் பிந்திவிட்டது, வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மூன்றாம் நாள், வேலைச் சீருடையிலேயே கடைக்குள் வந்தார். ஷிப்ட் கிடைத்த அன்றே மெசேஜ் போட்டாராம், ஏன் பதில் இல்லை என்று கோபம். என் போனை எடுத்துப் பார்த்தால், ஓரத்தில் அதே உறை சிமிட்டிக்கொண்டிருக்கிறது. ஊருக்கெல்லாம் விளக்கியவனுக்குச் சொந்தப் போனில் கண் தெரியவில்லை. அழிக்கப் போன கட்டை விரல் அப்படியே நின்றுவிட்டது. அக்கா பார்த்துக்கொண்டே நின்றார்: "ஏன் தம்பி யோசிக்கிறீர்? உம்மட கையாலை ஏலும்தானே?"

கோயில் பக்கமே போகாத நான், பதினைந்து முருகனையும் பழைய சிம்மிலேயே குடியிருக்க விட்டு, எனக்கென்று புதிய சிம் ஒன்று வாங்கிக்கொண்டதுதான் அந்தக் கடையில் நான் மறுபேச்சில்லாமல் முடித்த ஒரே வியாபாரம்.