சுகுணா அக்காவின் பக்கெட் தாளம்

ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது. சுகுணா அக்கா போய்விட்டார் என்று அவர் மகள் சொன்னாள். மாரடைப்பு. என்ன கேட்பதென்று தெரியாமல், "சாப்பிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டேன். புளியந்தோப்பில் இறங்கி, எந்தப் பக்கம் போவதென்று புரியாமல் இங்கும் அங்கும் நடந்தேன்.

வியாசர்பாடி பால்வாடியில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் வேலை பார்த்தோம். பழைய பெயின்ட் பக்கெட்டைத் தட்டிக்கொண்டே அவர் குழந்தைகளோடு அறையைச் சுற்றிவந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

நான் சேர்ந்த புதிதில், என் பாட்டுக்குக் குழந்தைகள் ஆளுக்கொரு விதமாகக் கை தட்டினார்கள். இன்னும் மெதுவாகப் பாடினேன். தாளம் இன்னும் கலைந்தது.

"இன்னா சரசு, உன் வேகத்துக்கு அதுங்கள இழுத்துகினு கீற? மூணு வயசுக் காலு குடுகுடுன்னுதான் ஓடும். மொதல்ல நீ அதுங்களோட ஓடு. அப்பால அதுங்க உன்னோட நடக்கும்" என்றார் அக்கா. பக்கெட்டில் வேகமாகத் தட்டினார். நாலைந்து கைகள் சேர்ந்துகொண்டன. "தூக்கி வச்சு ஆட்டுறப்பவே தாளம் உடம்புல ஏறிடுது. கைக்கு வர நாளாவும்."

அந்த நம்பிக்கைதான் திவ்யா என்ற குழந்தையின் விஷயத்தில் அவரைத் தடுமாற வைத்தது. அக்கா இடுப்பில் வைத்து ஆடினால் திவ்யாவும் ஆடுவாள். இறக்கிவிட்டால் எந்தத் தாளத்துக்கும் அசையமாட்டாள். டாக்டரிடம் காதைக் காட்டலாம் என்றேன். "வரும், வுடு. அவசரப்படாத" என்றார். எங்களுக்குள் சண்டையே வந்தது. சில மாதங்கள் கழித்து அவள் அம்மா லட்சுமி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோதுதான், இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது.

அன்று சாயங்காலமே அக்கா லட்சுமியின் வீட்டுக்குப் போனார். நானும் உடன் போனேன். வாசலிலேயே நின்று, "நான்தான் லேட் பண்ணிட்டேன். சரசு சொன்னா, நான் கேக்கல" என்றார்.

லட்சுமி சொன்னாள்: "ஆமாக்கா, லேட்தான். இனிமே இன்னா பண்ணலாம், சொல்லு."

காது மெஷின் மாட்டிய முதல் நாள், பக்கெட் சத்தத்தில் திவ்யா அலறி, மெஷினைப் பிடுங்கி எறிந்தாள். அக்கா பக்கெட்டை ஒதுக்கிவிட்டு, அவளை மடியில் வைத்து விரல் நுனியால் தரையில் தட்டினார். வாரக்கணக்கில் அப்படியே. ஒருநாள் திவ்யா தானாகவே பக்கெட்டில் படபடவென்று அடித்தாள். அக்கா அதே வேகத்தைப் பிடித்து எதிரே தட்டினார். அவர் நிறுத்தினால் அவளும் நிறுத்தினாள், தொடங்கினால் தொடங்கினாள். "கேக்குது சரசு, அவளுக்குக் கேக்குது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் அவருக்கு நிம்மதி வரவில்லை. எந்தக் குழந்தை சேர்ந்தாலும் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பார். "பொறுமையா கீறதுக்கும் சும்மா கீறதுக்கும் வித்தியாசம் தெரியாம போச்சே எனக்கு" என்பார். அப்படிப்பட்டவர் தன் நெஞ்சுவலியை மட்டும் போய்விடும் போய்விடும் என்று விட்டுவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூலக்கொத்தளத்தில் அடக்கம் முடிந்த மறுநாள் பால்வாடியைத் திறந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் குழந்தை ஒன்று, கூப்பிட்டும் திரும்பவில்லை. விளையாட்டில் மும்முரமாக இருந்திருக்கலாம். இருந்தாலும் உடனே அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

அக்காவின் கை எனக்கு வராது. அவருடைய நிம்மதியின்மையை வைத்துக்கொண்டிருக்கிறேன். அது என்னை விட்டுப் போக வேண்டாம்.