எந்த ஆசையை விடுவது?

போன வாரம் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் அம்மை. என் நாலு வயசு மகளுக்கு மணல்வாரி.

எங்கள் தலத்தெரு வீட்டில் அம்மை வந்தால் சட்டம் தெரியுமா? வாசலில் வேப்பிலை. அடுப்பில் தாளிப்பு கூடாது. அம்மை இறங்கி மூன்றாம் முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை டாக்டரிடம் போகவே கூடாது! பி.ஏ. படித்த நானும் தலையாட்டினேன்.

மூன்றாம் நாளே மகளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது.

"அத்தை, டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

"மாரியம்மா வந்திருக்கிற வீட்டுல ஊசியா? ரெண்டு நாள்ல தண்ணி ஊத்திடலாம். பேசாம இரு."

மாமியார் பயத்தில் சொல்கிறார். என் கணவருக்கு என்ன வந்தது? முந்தின நாள்தான் நூலகத்தில் புத்தரைப் பற்றிச் சொற்பொழிவு கேட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஏங்க, புள்ளை மூச்சு விடுறதைப் பாருங்க!"

"இங்க பாரு... ஆசைதான் துன்பத்துக்குக் காரணம். நீ ரொம்பப் பற்று வைக்கிற. அதான் பதறுற."

யார் சொல்கிறார்? ரசத்தில் தாளிப்பு இல்லை என்று ஐந்து நாளாகத் தட்டை முறைக்கிற மனுஷர்!

"நீங்க முதல்ல கடுகு மேல இருக்கிற பற்றை விடுங்க" என்றேன். குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரிக்‌ஷா ஏறினேன்.

சளி நெஞ்சில் இறங்கியிருந்தது. டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டுக் கேட்டார்: "படிச்ச பொண்ணுதானே? ஏம்மா இவ்வளவு நாள் காத்திருந்தே?"



ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். புத்தர் 'ஆசை' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடவில்லையே! துன்பம் உண்டு, காரணம் உண்டு, அதைத் தீர்க்கலாம், தீர்க்க வழியும் உண்டு — வைத்தியர் மாதிரி நாலும் சொன்னார். நம் ஆட்கள் இரண்டாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதுவும் பெண்களிடம் பேசும்போது! பதறாதே, கேட்காதே, ஆசைப்படாதே... வாயை அடைக்க எத்தனை வசதி!

சரி, காரணம் ஆசைதான். எந்த ஆசை? குழந்தை பிழைக்க வேண்டும் என்பதா? அந்த ஆசைதான் என்னை ரிக்‌ஷாவில் ஏற்றியது. இரண்டு நாள் வாசல் தாண்ட விடாமல் கட்டிப்போட்டது வேறு — 'நல்ல மருமகள்' என்று பெயர் வாங்கும் ஆசை. அதற்காக என் பிள்ளையின் மூச்சையே பணயம் வைத்திருக்கிறேன். கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

மகள் இப்போது இட்லி கேட்டு அடம்பிடிக்கிறாள். மாமியார் என்னோடு பேசி எட்டு நாளாகிறது.

ஆச்சரியம்... அதில் எனக்குத் துன்பமே இல்லை!