பனிக்காலத்து வெள்ளரிக்காய்

ஃபெங்சினின் ஊரில் பனிக்காலம் என்றால் முட்டைக்கோசும் முள்ளங்கியும்தான். குளிர் தொடங்குமுன் குழியில் இறக்கி வைத்ததை வசந்தம் வரும்வரை தின்றாக வேண்டும். அவள் கணவன் தெஷுன்தான் அங்கே முதன்முதலில் மண்சுவரை ஒட்டி மூங்கில் வளைத்து, பிளாஸ்டிக் விரித்து, குடில் போட்டு வெள்ளரி நட்டவன்.

வெளியே வாளித் தண்ணீர் கல்லாய் உறைந்து கிடக்க, உள்ளே கொடி மஞ்சளாய்ப் பூத்துக் காய்த்தது.

"ஒண்ணே ஒண்ணு கடிச்சுப் பாக்கட்டுமாங்க?"

"அடி போடி! அதெல்லாம் பெய்ஜிங்காரன் வாய்க்குப் போறது. நமக்குக் கோசு போதும்," என்று சிரித்தான்.

புத்தாண்டு நெருங்குகையில் கடுங்குளிர் இறங்கியது. கொடி கருகிவிடும் என்று பயந்து, தெஷுன் குடிலுக்குள் கரியடுப்பை மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே படுத்தான். காலையில் கஞ்சி கொண்டு போனவள் அவனை எழுப்பினாள். கன்னம் சிவந்து, நன்றாகத் தூங்குகிறவன் போலவே கிடந்தான். கரிப்புகை அவனைக் கொண்டுபோயிருந்தது. கொடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அண்ணி, விட்டா காயெல்லாம் முத்திப் போயிடும். வந்தவங்களுக்குச் சாப்பாடு போடணும்ல?" என்றான் கொழுந்தன் தெயோ. அவள் தலையசைத்தாள். வெள்ளரியை நசுக்கி, பூண்டும் காடியும் சேர்த்துச் சாவு விருந்தில் வைத்தார்கள். முதலில் எல்லோரும் தயங்கினார்கள். பிறகு தட்டு தட்டாகக் காலியானது.

"அடேயப்பா, இந்தக் குளிர்ல வெள்ளரிக்கா! தெஷுன் கெட்டிக்காரன்யா..." என்று ஆரம்பித்த கிழவர் ஒருவர், சட்டென்று சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார்.

யாரோ அவள் கிண்ணத்திலும் இரண்டு துண்டு போட்டார்கள். தின்றாள். கோடைக்காலம் வாய்க்குள் வந்தது போலிருந்தது. இன்னும் வேண்டும் போலிருந்தது. அதை நினைத்துத்தான் அன்று அவள் முதன்முறையாக வாய்விட்டு அழுதாள்.

அடுத்த ஆண்டு ஊரெல்லாம் குடில் போட்டார்கள். "உள்ள அடுப்பு வைக்காதீங்க" என்று வீடு வீடாகச் சொன்னாள். தலையாட்டிவிட்டு எல்லோரும் வைத்தார்கள். விடிந்ததும் அவள் ஒவ்வொரு குடிலாகத் தட்டிக்கொண்டு போவாள்.

"சாவ்யிங், முழிச்சிருக்கியா?"

"செத்தா பேயா வந்து நானே சொல்றேன், போ அக்கா!" என்று பக்கத்துக் குடில்காரி கத்துவாள்.

ஒருநாள் பதில் வரவில்லை. ஃபெங்சின் பிளாஸ்டிக்கைக் கிழித்து உள்ளே நுழைந்து, அவளைப் பனியில் இழுத்துப் போட்டாள். சாவ்யிங் பிழைத்தாள். ஆனால் பேச்சு குழறிப்போயிற்று. பெற்ற பிள்ளைகளின் பெயர் நினைவில் நிற்கவில்லை.

அதன்பின் காலையில், இரவுக் குளிருக்குத் தன் குடில்மேல் போர்த்திய வைக்கோல் பாய்களை வெயில் படச் சுருட்டி முடித்ததும், ஃபெங்சின் சாவ்யிங்கின் குடிலுக்குப் போய் அந்தப் பாய்களையும் சுருட்டுவாள். சாவ்யிங் வாசலில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.