வாய்க்காலுக்கு அப்பால் அரை வட்டம்

"2003, ஓகஸ்ட், ஞாயிறு. அப்பா, 31ஆம் நம்பர் கார். ஒன்பது சுற்றும் முதலாவது. பத்தாவதில் நின்றார்." பதினொரு வயதில் பள்ளிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதிய குறிப்பு இது. அதை விரிக்கும்போதெல்லாம் எரிந்த ரப்பரின் மணமும், அறுத்த பார்லித் தாளின் புழுதியும், சுட்ட சொசேஜின் வாசமும் ஒன்றாய் வந்து மூச்சை அடைக்கின்றன.

வடக்கு ஜேர்மனியில் நாங்கள் இருந்த சிற்றூரில் அப்போது அறுவடை முடிந்ததும் வயலிலேயே கார்ப்போட்டி நடக்கும். கழித்துவிட்ட கார்களின் கண்ணாடியை உடைத்தெடுத்து, கதவுகளை வெல்டிங் செய்து மூடி, பக்கத்தில் நம்பர் எழுதி, முட்டை வடிவப் பாதையில் ஒன்றையொன்று இடித்தபடி ஓட்டுவார்கள். யன்னல் வழியாகத்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும். நின்றுபோன காரிலிருந்து சிவப்புக் கொடி காட்டும்வரை ஒருவரும் இறங்கக்கூடாது. பேக்கரிக்காரரும் பள்ளி ஆசிரியரும் ஓடிய அந்தப் போட்டியில், யாழ்ப்பாணத்தில் மினிபஸ் ஓட்டிய என் அப்பாவும் ஓடினார். வயலில் ஓட லைசன்ஸ் கேட்பதில்லை. உழவு இயந்திரம் திருத்தும் எங்கள் அயலவர் ஹோர்ஸ்ட் தன்னுடைய இரண்டாவது காரைக் கொடுத்திருந்தார். நான்கு வருடமாக "அசூல்" என்ற அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருந்த, வேலை செய்ய அனுமதியில்லாத அப்பா, வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நிமிர்ந்து நடந்தார்.

எங்களைப் போன்றவர்கள் அனுமதித் "துண்டு" இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. அகதி விடுதியில் எங்களுக்கு முன்பே வந்திருந்த சிவம் அண்ணை முதல் வாரமே வயலைக் காட்டிச் சொல்லியிருந்தார்: "அந்தா, அந்த வாய்க்கால்தான் எல்லை. அங்காலை காலை வைக்காதேங்கோ." வேறு யாரிடமும் நாங்கள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு, ஒரு கலியாணத்துக்குப் போகும்போது பக்கத்து மாவட்ட ரயில் நிலையத்தில் அப்பா ஒருமுறை பிடிபட்டார். இரண்டாம் முறை பிடிபட்டால் அது குற்றவழக்கு.

அந்த வருடம் வயலின் இந்தப் பக்கத்தில் பீற்றூட் நட்டிருந்ததால், வறண்ட வாய்க்காலை இரண்டு இடத்தில் மண்போட்டு மூடி, பாதையின் பாதியை அந்தப் பக்கம் கொண்டுபோயிருந்தார்கள்.

"தம்பி, சுத்துக்கு ஒரு துண்டு எடுக்கவேணும் போல கிடக்கு," என்றார் சிவம் அண்ணை.

"நான் வேகமாப் போய் வேகமா வந்திடுவன் அண்ணை. அவங்கள் எழுதி முடிக்க முதல் இஞ்சால நிப்பன்," என்றார் அப்பா, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு.

அம்மா சிரிக்கவில்லை. "இஞ்சருங்கோ, விளையாட்டில்லை. பிடிபட்டா கேஸும் போச்சு, நாங்களும் போச்சு."

ஒன்பது சுற்று அப்பாதான் முன்னால். பத்தாவதில், வாய்க்காலுக்கு அப்பால் உள்ள வளைவில் இரண்டு பொலிஸ்காரர் வந்து நின்று, ஆளுக்கொரு சொசேஜைச் சாப்பிடத் தொடங்கினார்கள். அப்பாவின் கார் வாய்க்கால் ஓரத்தில், எஞ்சின் உறுமியபடியே, நின்றது. அவர்கள் தின்று முடித்துப் போகட்டும் என்று காத்திருந்தார் என்பது அந்தக் கூட்டத்தில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு இடிக்கும் ஹெல்மெட் முன்னும் பின்னும் ஆடியது. முன்னே போகவும் முடியாது, இறங்கவும் முடியாது. அம்மா என் தோளை இறுக்கிய இறுக்கம் இரண்டு நாள் வலித்தது.

கடைசியில் பேக்கரிக்காரரின் கார் பின்னாலிருந்து முட்டி, விடாமல் தள்ளி, அப்பாவை வாய்க்காலுக்கு அப்பால் கொண்டுபோய்ப் பொலிஸ்காரரின் காலடியில் விட்டது. எஞ்சின் அணைந்தது. ஒரு பொலிஸ்காரர் யன்னலுக்குக் குனிந்தார். அப்பா இரண்டு கைகளையும் உயர்த்தி, அரைகுறை ஜேர்மனில், "நான் வரேல்லை, அவன்தான் தள்ளினவன்" என்றாராம். "அதற்குத்தானே இந்தப் போட்டி!" என்று அந்த மனிதர் சிரித்து, ஒரு தண்ணீர்ப் போத்தலை உள்ளே நீட்டினார். சிவப்புக் கொடி காட்டும்வரை அப்பா அதைக் குடிக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். காட்டியதும் யன்னலால் நெளிந்து விழுந்து, ஹெல்மெட்டோடு வாய்க்காலைப் பாய்ந்து எங்கள் பக்கம் வந்தார்.

"எஞ்சின் பழுதா?" என்று ஹோர்ஸ்ட் கேட்டார். அப்பா ஆமென்று தலையாட்டினார். அதன்பிறகு அவர் ஓடவில்லை.

வழக்கு எதுவும் வரவில்லை. சில வருடங்களில் வதிவிட அனுமதி கிடைத்தது. இப்போது அப்பா கலியாண வீடுகளுக்குப் பாரிஸ்வரை தானே ஓட்டிப் போகிறார். அந்த வயலில் போட்டி இல்லை. சூரிய மின்தகடுகள் வரிசையாக நிற்கின்றன, வாய்க்காலைக் குழாய்க்குள் விட்டுவிட்டார்கள்.

சென்ற குளிர்காலத்தில் இரண்டு பழைய வரைபடங்களை வாங்கி ஒப்பிட்டேன். ஒன்றில் எல்லைக்கோடு வாய்க்கால் வழியே போகிறது. மற்றதில் அதற்கும் அப்பால், பொப்லர் மரவரிசையை ஒட்டி. இரண்டாவது சரியென்றால் அந்த வளைவு முழுவதும் எங்கள் மாவட்டம். தொலைபேசியில் அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப அண்டைக்கு நான் நிண்டிருக்கத் தேவையில்லையோ பிள்ளை?"

"தெரியாது அப்பா. நில அளவை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறன்."

இன்னும் பதில் வரவில்லை. கொப்பியில் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன்: எல்லை எங்கே இருந்தது என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.