நாக்கைப் பார்த்தார்கள், காலைப் பார்க்கவில்லை

போன மாசி மாதம், எங்கள் ஊரான ஜெயபுரத்தில் காலபோக நெல் அறுவடை முடிந்து எல்லோரும் வீதியோரம் நெல்லைப் பரப்பிக் காயவிட்டிருந்த நேரத்தில் இது நடந்தது. அடுத்த வளவில் இருக்கும் இளம் பெண் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். பற்றைப் புதருக்குள்ளிருந்து வந்த செம்மண் நிற நாய் ஒன்று குரைக்காமல், உறுமாமல் அவருடைய கெண்டைக்காலைக் கவ்வியது. அவர் உதறியதும் விட்டுவிட்டு, பக்கத்தில் வேலிக்கு நட்டிருந்த கதியால் தடியைக் கடித்தது. அலறல் கேட்டு ஓடி வந்த நான் அதைக் கண்ணால் பார்த்தேன். சுகமாக உள்ள நாய் வேலியைக் கடிப்பதில்லை. விசர் என்று நாங்கள் சொல்லும் வெறிநோய் பிடித்த நாய்தான் கடிக்கும்.

அவருடைய கணவரும் அயலவர் ஒருவரும் நாயின் கழுத்தில் கயிற்றைப் போட்டு வேலியோடு இறுக்கினார்கள். அடுத்ததாக அவர்கள் தண்ணீர் தேடவில்லை, வாகனம் தேடவில்லை. முன்வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டார்கள்.

அவர் ஒரு காலத்தில் நாய்களோடு பன்றி வேட்டைக்குப் போனவர். எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டி எடுப்பவர்கள் அவரிடம் கொண்டுபோய் வாயைத் திறந்து காட்டுவார்கள். நாக்கில் கரும்புள்ளி இருந்தால் அந்த நாய் பிடித்த பன்றியை விடாதாம். ஆனால் அதன் கடியில் விஷமாம். புள்ளி இல்லாத நாய் கடித்தால் அது வெறும் கீறல்தானாம். கருநாக்கு நாய் என்று தெரிந்தால் வீட்டுப் பிள்ளைகளைக்கூட கிட்டப் போகவிட மாட்டார்கள்.

பெரியவர் முள்வேலி அடைத்துக்கொண்டிருந்த கையோடு வந்தார்; விரல்களில் முள் கிழித்த கீறல்கள் இருந்தன. நாயின் பற்களுக்கிடையில் ஒரு தடியைக் குறுக்கே வைக்கச் சொன்னார்.

"இறுக்கிப் பிடி. துள்ளாதை. நாய் நிக்குது, நீதான் துள்ளுறாய்."

"பொட்டுக் கிடக்கோ அண்ணை?"

"பொறடா, வழுக்குது."

நாயின் வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. அவர் இரண்டு விரல்களால் நாக்கை வெளியே இழுத்து, வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். மற்ற இருவரும் தங்கள் கைகளால் தாடையைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார்கள். வளர்ந்த மூன்று ஆண்கள் ஒரு நாயின் நாக்கை ஆராய்ந்துகொண்டிருக்க, கடிபட்ட பெண் நெல்லின் மேல் நின்றுகொண்டிருந்தார். இரத்தம் குதிகால்வரை இறங்கி, அதில் நெல்மணிகள் ஒட்டியிருந்தன. ஒருவரும் அந்தக் காலைப் பார்க்கவில்லை.

"சுத்தமான நாக்கு," என்றார் பெரியவர். "ஒரு பொட்டுக்கூட இல்லை. இதெல்லாம் ஒரு கடியே? சுண்ணாம்பும் மஞ்சளும் குழைச்சுப் பூசுங்கோ, காய்ஞ்சிடும்."

கணவர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "அப்ப ஒண்டுமில்லையாமோ அக்கா?" என்று கேட்டார்.

"நாக்கை விட்டிட்டு அவளின்ரை காலைப் பாருங்கோ," என்றேன். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும்."

நான் வவுனியாவில் ஒரு பத்திரிகையில் சில வருடங்கள் வேலை செய்தவள். அது பெரியவருக்கு வசதியாகப் போயிற்று. "பிள்ளை, நீர் நாயைப் பற்றிப் பேப்பரிலை எழுதியிருப்பீர். நான் நாயோடை சீவிச்சனான்," என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நான் அந்தப் பெண்ணைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், சவர்க்காரம் போட்டுக் காயத்தைக் கழுவத் தொடங்கினேன். ஓடும் தண்ணீரில் கால்மணி நேரமாவது கழுவ வேண்டும். பாதியில் திரும்பிப் பார்த்தால், அவர்கள் கயிற்றை அவிழ்க்கிறார்கள்.

"கட்டி வையுங்கோ அதை!"

"விஷமில்லாத சீவனைக் கட்டி வைக்கிறதோ? பாவம்."

நாய் தள்ளாடியபடி வாய்க்கால் பக்கம் போய் மறைந்தது. அப்போதுதான் நான் கத்தினேன். "விசர் வந்தால் பிறகு மருந்தில்லை. இவள் செத்துப்போவாள். அப்ப ஆரின்ரை நாக்கைப் பாப்பியள்?"

"அக்கா, பெரிய மனுசனோடை இப்பிடிக் கதைக்காதேங்கோ," என்றார் கணவர். மனைவியின் கால் அல்ல, அந்தப் பெரியவரின் முகம்தான் அவருக்குக் கவலையாக இருந்தது.

அந்தப் பெண்ணுக்கோ நெல்லைப் பற்றிய கவலை. "மழை இருட்டுது அக்கா. அள்ளிப்போட்டு நாளைக்குப் போவம்."

"உன்ரை மனுசன் அள்ளட்டும். நீ ஏறு."

என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வழி நெடுகிலும் அவர் பின்னாலிருந்து, "நாக்கிலை ஒண்டுமில்லையெண்டுதானே சொன்னவர்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வைத்தியர் காயத்தைப் பார்த்ததும் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. காயத்தைச் சுற்றியும் கையிலும் ஊசி போடப்பட்டது. பிறகு வைத்தியர், "நாயின் வாயை வேறு யாராவது தொட்டார்களா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கையில் காயம் இருந்து அதில் எச்சில் பட்டிருந்தால் அவர்களும் உடனே வர வேண்டும் என்றார். முள் கிழித்த பெரியவரின் விரல்கள் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தன.

கணவருக்கு அழைத்தேன். பெரியவர் பக்கத்தில்தான் இருந்தார். போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"எனக்கு ஊசியோ? என்னை அது கடிக்கேல்லையே பிள்ளை. நானல்லோ அதின்ரை வாயைப் பாத்தனான்."

"கடிக்கோணுமெண்டில்லை. காயத்திலை எச்சில் பட்டாலே காணும்."

"நாக்குத்தான் சுத்தமெண்டனே," என்றார்.

அடுத்த நாள் அந்த நாய் வாய்க்கால் கட்டில் செத்துக் கிடந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, அதன் தலையைப் பரிசோதனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அன்றைக்கே நாக்கைப் பார்த்த மூவரும் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிறகு வந்த முடிவு, அந்த நாய்க்கு விசர்தான் என்பதை உறுதிப்படுத்தியது.

அந்தப் பெண்ணை அடுத்த ஊசிக்குக் கூட்டிப்போன நாளில் பெரியவரும் வரிசையில் இருந்தார். தவறு நடந்துவிட்டது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் தன் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மேல்நாக்கு சுத்தம்தான். நான் அடிநாக்கைப் பாக்கேல்லை. அங்கைதான் பொட்டு இருந்திருக்கும்."

அத்தோடு நான் விடவில்லை. ஒரு மிருக வைத்தியரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். நமக்கு மச்சம் இருப்பதைப் போலத்தான், தோலுக்கு நிறம் தரும் பொருள் நாயின் நாக்கிலும் சேர்ந்து கரும்புள்ளியாகத் தெரிகிறது என்றார். குட்டியில் இல்லாத புள்ளி வளர வளர வரவும் கூடும். புதிதாக வந்த புள்ளி தடித்து, புண்ணாகி, இரத்தம் கசிந்தால் மட்டும் காட்ட வேண்டும். விசருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதை நான் ஊரில் சொன்னேன். கேட்டுத் தலையாட்டிய ஒருவர், போன கிழமை குட்டி வாங்கியபோது அதன் நாக்கைத் தூக்கி, அடிப்பக்கத்தையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். அவர்கள் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

அந்தப் பெண் எல்லா ஊசிகளையும் போட்டு முடித்துவிட்டார். இப்போது சுகமாக இருக்கிறார். பெரியவரும் சுகம்தான். ஆனால் அன்று நடுவீதியில் ஒரு மூத்தவரை மரியாதை இல்லாமல் பேசிவிட்டேன் என்ற கதை இன்றும் ஊரில் உண்டு. போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் என்ன என்று அந்தப் பெண்ணின் கணவரே இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தார். நான் போகவில்லை. மரியாதைக்குப் பயந்து நான் குரலைத் தாழ்த்தியிருந்தால் அந்தப் பெண் அன்று நெல் அள்ளப் போயிருப்பார் என்பது எனக்குத் தெரியும். என் வாழ்க்கையில் நான் ஒருபோதும் வருந்தப்போவதில்லை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய கோபம் அது ஒன்றுதான்.