விருப்பம் கேட்ட மருத்துவர்

என் கருப்பை வாயில் வந்த புற்றுநோயைப் பற்றி எழுத எனக்குத் தயக்கமுண்டு. எம்மவரிற் சிலர் அதனைப் பெண்ணின் நடத்தையோடு முடிச்சுப் போடுவர். ஆயினும் அந்த ஒரு நாளை எழுதலாம்.

அன்று என் கணவரும் நானும் டென்மார்க்கில் நாங்கள் வசிக்கும் வைலேயிலிருந்து ஓர்ஹூஸ் நகர மருத்துவமனைக்குச் சென்றிருந்தோம். மயக்கமருந்து தந்து செய்த பரிசோதனையும் ஸ்கானும் ஏற்கெனவே முடிந்திருந்தன. முதுகெலும்பருகே உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் புற்று பரவியதா என்பது மட்டும் தெளிவாகவில்லை. மருத்துவர் இரு வழிகளைச் சொன்னார். ஸ்கானில் தெரிந்த அளவை வைத்தே உடனே கதிர்ச்சிகிச்சையைத் தொடங்கலாம். அல்லது வயிற்றில் சிறு துளைகளிட்டு அக்கணுக்களை எடுத்துச் சோதித்தபின் தொடங்கலாம். அதனால் சிகிச்சை சற்றுப் பிந்தும்.

"உங்கள் விருப்பம் என்ன? யோசித்துவிட்டு வாருங்கள்" என்றார்.

நான் விலங்கியற் பட்டதாரி. அவர் கூறியது முழுவதும் விளங்கியது, கேள்விதான் விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் நோயாளியின் விருப்பத்தைக் கேட்பது, இனிப் பிழைக்கமாட்டார் என்று கைவிட்ட பிறகுதான்.

கணவருக்கும் அதே எண்ணம் என்பதை மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலையில் அறிந்தேன். என் நீரிழிவுக்காகச் சீனியைக் கண்ணிலும் காட்டாதவர், கோப்பியை என் முன் வைத்து, "ரெண்டு கரண்டி சீனி போட்டிருக்கிறன். குடியும்" என்றார்.

"என்னப்பா, என்னை இப்பவே அனுப்பிவைக்கிற யோசனையோ?"

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

பிறர் முன் கண்ணீர் விடுவது என் வழக்கமன்று. எழுந்து, அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் திரும்பினேன். "நான் பிழைக்கமாட்டேன் என்பதால்தான் கேட்டீர்களா?" என்று டேனிஷில் வினவினேன்.

மருத்துவர் கதிரையை அருகே இழுத்துப்போட்டு அமர்ந்தார். "இல்லவே இல்லை. குணப்படுத்தத்தான் முயல்கிறோம். எந்த வழியில் ஆயுள் கூடும் என்பதற்கு உறுதியான சான்று எங்களிடம் இல்லை. முடிவில் உங்களுக்கும் பங்கிருக்க வேண்டும்."

"அப்படியானால் கணுக்களை எடுத்துப் பாருங்கள். கதிர் முதுகெலும்பருகே எவ்வளவு உயரம்வரை படவேண்டும் என்று தெரிந்தே தொடங்குவோம்."

கணவர் என் காதருகே குனிந்தார். "ஒப்பரேசன் அண்டைக்கு நான் பக்கத்திலை நிக்கலாமோ எண்டு கேளுமன்."

"நீங்களே கேளுங்கோ. இஞ்சை விருப்பத்தைச் சொல்லத்தானே வேணும்."

தொழிற்சாலை வேலையிற் கற்ற டேனிஷில், எழுந்து நின்றே கேட்டார். நான் மயங்கும்வரை கையைப் பிடித்தபடி நிற்கலாம் என்றார் மருத்துவர்.